பாய் பார்க்காமல் சொன்ன தண்ணீர்

எங்கள் கல்லூரியில் ‘தெரியாது’ என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் பாய்தான். மற்றவர்கள், என்னையும் சேர்த்து, தெரியாததற்கும் கைவசம் ஒரு பதில் வைத்திருப்போம். பாய் வேதியியல் லேபில் அட்டெண்டர். “பிரின்சிபல் வந்துட்டாரா பாய்?” என்று கேட்டால், “ஒம்போது மணிக்கு ரூம்ல பாத்தேன் மேடம். இப்ப இருக்காரான்னு தெரியாது. போய்ப் பாத்துட்டு வரட்டுமா?” என்பார். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். “ஐயோ பாய், கோர்ட்டுல சாட்சியா சொல்றீங்க? ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?” என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு நீளமான, அழகான ஒரு பெயர் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அதைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. அவர் எங்களுக்குப் பாய், அவ்வளவுதான். இப்போது அந்தப் பெயரை இங்கே எழுதும் தகுதி எனக்கு இல்லை.

ஒருமுறை லேப் அலமாரியில் லேபிள் உரிந்துபோன ஒரு பாட்டில் கிடந்தது. உள்ளே நிறமில்லாத திரவம். துறைத்தலைவர் முகர்ந்து பார்த்துவிட்டு “ஹெச்சிஎல் ஆசிட்தான், எழுதி ஒட்டுங்க பாய்” என்றார். நானும் தலையாட்டினேன். பாய் பசையும் காகிதமும் எடுத்து வந்தார். மறுநாள் பார்த்தால் பாட்டிலில் கோணல்மாணலான தமிழில் ‘என்ன என்று தெரியாது’ என்று ஒட்டியிருந்தது. துறைத்தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான்தான் சொன்னேனே?” “நீங்க ஊத்துனத நான் பாக்கலீங்க சார். பாக்காததுக்கு நான் எப்படி எழுதுறது?” இரண்டு வருஷம் அந்தப் பாட்டில் அப்படியே இருந்தது. மாணவர்கள் அதோடு போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் குணத்துக்கு அவர் தெருவில் வேறு மதிப்பு. மணிமுத்தாற்றங்கரையை ஒட்டி, ஊர்ச்சாக்கடை ஆற்றில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தெரு. ரமலான் முடிகிற அன்று சாயங்காலம் மொட்டை மாடிகளில் எல்லோரும் ஏறி நின்று பிறை தேடுவார்களாம். நாலு பேர் தெரிந்துவிட்டது என்று கத்தினாலும், “பாய் பாத்தாரா?” என்றுதான் கேட்பார்களாம். ஒரு வருஷம் தெருவே பார்த்துவிட்டதாகச் சொன்னபோது, இவர் மட்டும் “நான் மேகத்தத்தான் பாத்தேன்” என்று இறங்கி வந்துவிட்டார். ஊரெல்லாம் பெருநாள் அறிவிப்பு வரும்வரை வீட்டில் பிரியாணிக்கு அரிசி ஊறப்போட விடவில்லை என்று அவர் மகள் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

லேபுக்கு வருமுன் பதினெட்டு வருஷம் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் வேலை பார்த்தவர் அவர். சூளையில் அடுக்குவதற்கு முன்னால் பொம்மைகளைக் கிளேஸ் கலவையில் முக்கி எடுக்கிற வேலை. அந்தப் பளபளப்பு சும்மா வருவதில்லை. “செந்தூரம் கணக்கா செவப்பா ஒரு பொடி வரும் மேடம். தண்ணியில கரச்சி, கையாலயே கலக்குவோம். அது ஈயம்னு இங்க வந்து நீங்க கிளாஸ் எடுக்கிறப்பதான் தெரிஞ்சிக்கிட்டேன்” என்று ஒருநாள் பீக்கர் கழுவிக்கொண்டே சொன்னார். நான் “அப்படியா பாய்” என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் ஆற்று நீரில் கன உலோகங்கள் பற்றிய ஒரு சின்ன ஆய்வு எங்கள் துறைக்குக் கிடைத்தது. நான் அப்போது தற்காலிக விரிவுரையாளர். நாலு வருஷமாக ‘அடுத்த வருஷம் நிரந்தரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆய்வை ஒழுங்காக முடித்தால் காரியம் ஆகும் என்று துறைத்தலைவர் என் தலையில் கட்டினார். சாம்பிள் எடுக்க நானும் பாயும் போனோம்.

எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நான் காலையில் போகலாம் என்றேன். “காலைல எடுத்தா ஒண்ணும் ஆப்டாது மேடம். யூனிட்டுல டிரம்மு கழுவி ஊத்துறது சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான். நானே ஊத்தியிருக்கேன். அந்த நேரத்துல சாக்கடை வாய்ல நில்லுங்க, தெரியும்” என்றார். ஐந்து இடங்கள் குறித்துக்கொண்டோம். ஊருக்கு மேற்கே சுத்தமான மணல்வெளியில் மூன்று. நாலாவது, குப்பை மேடு புகைந்துகொண்டிருக்கும் சாக்கடை வாய். ஐந்தாவது அவர் தெருக் கைப்பம்பு. அது அவர் வாயால் கேட்டுச் சேர்த்தது. அந்தப் பம்புத் தண்ணீர் சரியில்லை என்று தெருவில் பாதிப்பேர் சந்தேகப்பட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைவில் இருக்கிற நகராட்சித் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். “நல்லதா கெட்டதான்னு ஒருவாட்டி பாத்துட்டா சந்தேகம் தீந்துடும் மேடம்” என்றார்.

பாட்டிலில் பிடிப்பதற்கு முன்னால் அதே தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும் என்பது விதி. நான் சொல்வதற்கு முன்பே அவர் அலசிக் கொட்டிக்கொண்டிருந்தார். “தொழுகைக்கு ஒளு செய்யிறப்பவும் மூணு தடவதான் மேடம், கையி, மொகம் எல்லாம்” என்றார். சாக்கடை வாயில் முழங்கால் வரை இறங்கி நின்றார். கறுப்புச் சேறு. நான் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு லேபிள் எழுதினேன்.

சாம்பிள்களை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்தது. மேற்கே மூன்று இடமும் சுத்தம். சாக்கடை வாயில் ஈயம் எக்கச்சக்கம். கைப்பம்பிலும் ஈயம், குடிக்கவே கூடாத அளவுக்கு. தாளை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்கு ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏதோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

அவர் தாளை ஒரு தடவை பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். “தாளாளரோட தம்பி பொம்மை யூனிட்ட எங்க வச்சிருக்கார்னு தெரியுமாம்மா?” என்று கேட்டார். தெரியும். அந்தச் சாக்கடைக்கு மேலேதான். “ஒரே ஆறுதானே? ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா எழுதணும்னு யார் கேட்டா? அஞ்சையும் கூட்டிச் சராசரி போடுங்க. யாரையும் பொய் சொல்லச் சொல்லல. இதுவும் கணக்குதானே?”

மூன்று சுத்தமான இடத்தின் எண்ணில் இரண்டு நஞ்சு எண் கரைந்துபோனது. மழைக்காலத்தில் எடுத்த இன்னொரு சுற்றையும் சேர்த்தபோது சராசரி வரம்புக்குள் வந்து அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. கைப்பம்பையும் ஆற்றையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுக்கிற காரியத்தை முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் செய்திருந்தால் நோட்டை அவன் மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன். நான் செய்தேன். ‘அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

பாய் ஒரு வாரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு மதியம், நான் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“ரிசல்ட்டு வந்துருச்சிங்களா மேடம்?”

“வந்துருச்சி பாய். வரம்புக்குள்ளதான் இருக்குது.”

“நம்ம தெருப் பம்புமா?”

“ம்.”

“குடிக்கலாங்களா?”

தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். “குடிக்கலாம் பாய்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு தானாகவே ஒரு விளக்கம் சொன்னார், என்னிடம் அனுமதி கேட்பதுபோல. “ஈயம் நம்ம கண்ணுக்குத் தெரியாதே மேடம். நீங்க மெஷின்ல பாத்தா, நானே பாத்த மாதிரிதான்.”

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் தெருவில் சொல்லியிருக்கிறார். யாருக்கும் மறுகேள்வி கேட்கத் தோன்றவில்லை. பாய் அல்லவா சொல்கிறார். மறுநாளிலிருந்து தெரு மொத்தமும் அந்தப் பம்புக்கு வந்துவிட்டது. நகராட்சித் தொட்டிக்கு நடந்துகொண்டிருந்த பெண்கள் எனக்கு நன்றி சொல்லச் சொன்னதாக வந்து சொன்னார். எங்கள் வீடு ஜங்ஷன் பக்கம். எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்.

அவர் மகளின் கணவர் குவைத்தில். மகளும் மூன்று வயதுப் பேத்தியும் அவரோடுதான் இருந்தார்கள். பேத்தியைப் பற்றிப் பேசும்போது மட்டும் பாய் தன் விதியை மீறுவார். “கலெக்டராத்தான் வருவா” என்பார். “அத எப்போ பாத்தீங்க பாய்?” என்று நான் மடக்கினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அடுத்த கோடையில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், சுவரைச் சுரண்டித் தின்கிறாள், வெளுத்துப்போய்விட்டாள், பேசிக்கொண்டிருந்த வார்த்தையும் குறைந்துவிட்டது என்றார். டாக்டர் இரத்தம் குறைச்சல் என்று டானிக் எழுதிக் கொடுத்தாராம். எனக்கு அது என்னவாக இருக்கும் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. இரண்டாம் ஆண்டுக்கு நானே நடத்துகிற பாடம். “டானிக் குடுங்க பாய், சரியாயிடும்” என்றேன். பாவி.

அவர் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு போட்டார். ஐந்தாம் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உச்சி வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கரை நெரிசலைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே போனேன். பாய் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிள்ளை தரையில் கோரைப்பாயில் சுருண்டு கிடந்தாள். மகள் எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“வேண்டாம்மா” என்றேன்.

“வெயில்ல வந்துருக்கீங்க மேடம். மோராச்சும் கரைச்சிக் கொண்டாரவா?”

“இல்லம்மா, வயிறு சரியில்ல.”

“டீ போடுறேன், சூடா ஒரு வாய்.”

“ஒண்ணும் வேணாம்மா, விடு.”

அவள் முகம் சட்டென்று மாறியது. சொம்பைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. முஸ்லிம் வீட்டில் இவர்கள் கைநனைக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. அப்படி நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் விட்டேன் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கேவலமான காரணம்கூட எனக்கு உண்மையைவிட வசதியாக இருந்தது.

பாய் விடவில்லை. “தப்பா நெனைக்காதம்மா. மேடம் அப்படிப்பட்டவங்க இல்ல. ஒவ்வொரு பெருநாளைக்கும் நம்ம வூட்டுப் பிரியாணிய என் டப்பாவுலயே கையப் போட்டுச் சாப்புடுறவங்க” என்று மகளிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு சொம்பைப் பார்த்தார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் வண்டிச் சாவியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அந்தக் கொடத்துத் தண்ணியக் கொட்டிடும்மா” என்றார் மகளிடம், மெதுவாக. “புள்ளைக்கு இனிமே அத குடுக்காத.”

அவள் ஏன் என்று கேட்டாள். “தெரியல” என்றார். வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். “வெயிலு கடுமையா இருக்குது. பாத்துப் போங்க மேடம்” என்றார். அதே மரியாதை, அதே குரல்.

அடுத்த வாரம், அவர் தெருவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி லேபில் சொல்லித்தான் மீதி தெரிந்தது. “எங்க தெருவுல பாய எல்லாரும் கிழிச்சித் தொங்க வுட்டாங்க மேடம்!” வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று, பம்புத் தண்ணீர் நல்லது என்று தான் சொன்னது தப்பு, யாரும் குடிக்க வேண்டாம் என்றிருக்கிறார். யார் சொல்லி அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, “யாரும் சொல்லல. நான்தான் பாக்காம சொல்லிட்டேன்” என்றாராம். அன்றைக்கு ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சா என்று வயதுக்குச் சின்னவர்கள்கூட ஏசியிருக்கிறார்கள். “அந்த வருஷம் பெருநாளைக்குப் பிறை பாக்க அவர யாருமே கூப்பிடல மேடம்” என்று அதே பெண் பின்னொரு நாள் சொன்னாள்.

என் பெயரை அவர் சொல்லவே இல்லை.

லேபில் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். “புள்ளைக்கு என்னா டெஸ்ட்டு எடுக்கணும் மேடம்?” துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் எடுத்தார்கள். இரத்தத்தில் ஈயம் இருந்தது. நல்லவேளை, மருந்து கொடுத்தார்கள், நிறம் தேறியது, வயிற்றுவலி நின்றது. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாளாம். அதற்கு ஈயம்தான் காரணமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ‘உறுதியாக’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன்.

பம்பை மூடச் சொல்லி பாய் நகராட்சிக்கு மனு எழுதிப் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார். கல்லூரி ஒன்றின் ஆய்வின்படி நீர் வரம்புக்குள் இருப்பதால் நடவடிக்கை தேவையில்லை என்று கண்டிருந்தது. ஆய்வின் கடைசிப் பக்கத்தை நகலெடுத்துக் கூடவே குத்தியிருந்தார்கள். நான் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துச் சொல்லி மடித்துக் கொடுத்தேன். அவர் இரண்டாம் தாளை விரித்தார். ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் ஸ்டாக் ரெஜிஸ்டரை வாரா வாரம் என் முன்னால் நீட்டிக் கையெழுத்து வாங்கியவர் அவர்.

“இது ஒங்க கையெழுத்து மேடம்.”

“ஆமா பாய்.”

“அப்ப நீங்களே இல்லன்னு எழுதி இன்னொரு கையெழுத்துப் போட்டா மூடிடுவாங்க.”

“போடுறேன் பாய். அடுத்த மாசம் எனக்கு ஆர்டர் வந்துடும். வந்த கையோட எழுதித் தரேன்.”

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்: “அடுத்த மாசம் வரைக்கும் தெருவுல புள்ளைங்க என்னாத்தக் குடிக்கும் மேடம்?”

அன்று சாயங்காலமே அவர் லேபிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போய்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார். தண்ணீருக்குத் தொலைவு போக வேண்டியிருக்கிறதே என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்களாம். பொதுச் சொத்தில் கைவைத்ததாக விசாரணை வந்து, காவல் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். மறுநாள் ஸ்பேனரைத் துடைத்து, ரெஜிஸ்டரில் குறித்து, இருந்த இடத்தில் வைத்தார்.

எனக்கு ஆர்டர் வந்தது. மறுப்பு எழுதவில்லை. ஆர்டர் வந்ததும் தகுதிகாண் பருவம் என்றார்கள், அது முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, இனி எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று நான்தான் துறைத்தலைவர். அந்த அறிக்கை நூலகத்தில் அப்படியே இருக்கிறது. சாக்கடை இன்றும் அதே இடத்தில்தான் விழுகிறது.

ஆர்டர் வந்த அன்று துறையில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வந்தேன். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு கைகொடுத்தார்கள். கடைசியில் பாயிடம் பெட்டியை நீட்டினேன். எழுந்து நின்று, “ரொம்ப சந்தோஷம் மேடம்” என்றார். கையை நீட்டவில்லை.

“எடுத்துக்குங்க பாய்.”

“இன்னிக்கு நோன்பு மேடம்.”

ரமலான் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. உபரியாக நோன்பு வைப்பவர்களும் உண்டு, அப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் கண்ணாடிக் குழாய்கள் வைத்திருக்கும் பின்னறைக்கு ஏதோ எடுக்கப் போனேன். பாய் கதவைச் சாத்தாமல், முழங்கால் மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தார். மூடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தார்.